ஆல்பம் கவர் வரைகிறவர்களே, லேயர் ஃபைலை முதலில் கொடுத்துவிடாதீர்கள்

லேயர் ஃபைலை, அதாவது படத்தின் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாக இருக்கும் முழுக் கோப்பை, ஓர் ஆளை நம்பிக் கொடுத்து ஏமாந்தேன். 28,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, விடு" என்று எனக்கே தோன்றிவிடும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்துகொண்டு படம் வரைகிறவள் நான். புத்தக அட்டை, பத்திரிகை, இரண்டு வருடமாகப் பாட்டு ஆல்பங்களுக்குக் கவர். ஓவியர்களுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளம் வழியாகத்தான் பாதி வேலை வரும். "வாடிக்கையாளர் கட்டும் பணம் வேலை முடியும்வரை எங்களிடம் பத்திரமாக இருக்கும்" என்று சொல்லும் வகைத் தளம். போன மாதம் அங்கே "சரிபார்க்கப்பட்ட ஓவியர்" என்ற பச்சை முத்திரைக்கு 4,500 ரூபாய் கட்டினேன். கட்டிய நாலாம் நாள் அந்த ஆள் வந்தார்.

பாட்டுக் குழுவாம், பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பசங்களாம். ஊரை விட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஆறு பாட்டு. கவருக்கு 24,000. தளத்தில் பணம் கட்டியாகிவிட்டது என்று பச்சை டிக்கும் காட்டியது.

நான் அவரை நம்பியது பணத்துக்காக இல்லை. முதல் நாளே அலெக்ஸ் ஸ்டைன்வைஸைப் பற்றிப் பேசினார். இசைத்தட்டுகளை வெறும் உறையில் போட்டு விற்ற காலத்தில், 1940 வாக்கில், கொலம்பியா நிறுவனத்தின் தட்டுகளுக்குப் படம் போட்ட உறை வரைந்தவர். இந்த ஊரில் என்னிடம் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அப்படியே உருகிப்போனேன்.

ஆறு பாட்டின் ரஃப் மிக்ஸையும், அதாவது இன்னும் மெருகேற்றாத பதிவையும், நான்கு நாள் கேட்டேன். சமைக்கும்போதும் கேட்டேன், பஸ்ஸிலும் கேட்டேன். மூன்றாவது பாட்டில் பறை நின்று, லாரி ஹாரன் மாதிரி ஒரு நாதஸ்வரம் வரும். அங்கேதான் படம் பிடிபட்டது. பர்கூர் பக்கத்து மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் உண்டு, வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள். அந்த வீரன் இன்றைக்கு இறங்கி வந்து 44-ஆம் நெடுஞ்சாலையில் லாரி விளக்குகளுக்கு நடுவே பெங்களூர் பக்கமாகப் போகிறான். இதுதான் யோசனை. சிறு சிறு கட்டங்களாக பதினாறு ஸ்கெட்ச் போட்டு மூன்றை அனுப்பினேன். இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கணினியில் இருக்கும் பாறை டெக்ஸ்சர் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு பலகை மேல் தாளை வைத்துக் கரிப் பென்சிலால் தேய்த்தேன். அந்தச் சொரசொரப்பை ஸ்கேன் செய்து அடியில் போட்டேன். குதிரையை பிரஷ்ஷால் வரையவில்லை. வெள்ளை போஸ்டர் கலரை விரலால் தொட்டு இழுத்தேன். பின்னங்கால் முடிகிற இடத்தில் கலர் காய்வதற்குள் கட்டைவிரல் பட்டு ரேகை பதிந்துவிட்டது. அழிக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். 3000-க்கு 3000 பிக்சலில் வைத்து, அப்புறம் ஃபோனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அந்த அளவிலும் குதிரை தெரிந்தது. கவரில் அது தெரியாவிட்டால் வேறு எது இருந்தும் புண்ணியமில்லை. மொத்தம் பதினெட்டு நாள் வேலை.

வாட்டர்மார்க் போட்ட காப்பியை அனுப்பிய இரவு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "அக்கா, என் பாட்டை என்னைவிட நீங்கதான் நல்லா கேட்டிருக்கீங்க." குரல் தழுதழுத்தது. அடுத்த நிமிடமே, "பிரிண்டிங் பிரஸ்ல காலைல ஆறு மணிக்குக் கேக்கறாங்க அக்கா, தளத்துல ஃபைல் ஏற மாட்டேங்குது, லேயர் ஃபைலை வாட்ஸ்அப்ல லிங்க்கா போட்டுடுங்க." மணி 11.40. பணம்தான் தளத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். அனுப்பிவிட்டேன்.

காலையில் தளத்தில், "வேலை ஒப்படைக்கப்படவில்லை, ஆர்டர் ரத்து." 24,000 அவருக்கே திரும்பிப் போய்விட்டது. அவர் கணக்கையும் காணோம், ஃபோனும் அணைந்துவிட்டது.

தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் தானாகப் பதில் சொல்லும் சாட். மூன்று நாள் கழித்து ஒருவர், "48 மணி நேரத்தில் பார்க்கிறோம்." ஐந்தாம் நாள் இன்னொருவர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். ஸ்கிரீன்ஷாட் இருபத்திரண்டும் மறுபடி அனுப்பினேன். எட்டாம் நாள் கடைசியாக, "ஃபைல் தளத்துக்கு வெளியே பரிமாறப்பட்டதால் எங்கள் பொறுப்பில்லை, புரிதலுக்கு நன்றி." என்ன புரிதல்? அந்த முத்திரைப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "முத்திரைக் கட்டணம் திருப்பித் தரப்படாது." ஆக 24,000-உம் 4,500-உம் சேர்த்து 28,500. வீட்டில் மூன்று மாத வாடகை அது.

நேற்று ஒரு தோழி லிங்க் அனுப்பினாள். பாட்டுக் கேட்கும் ஒரு ஆப்பில் என் குதிரை! ஓவியர் என்று வேறு யாரோ பெயர். பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னங்காலில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்வரை லேயர் ஃபைல் கொடுக்காதீர்கள். பச்சை டிக் பணம் ஆகாது. தளத்தில் தொடங்கிய வேலையை வாட்ஸ்அப்புக்கு இழுத்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். இரவில் அவசரப்படுத்துகிறவரைக் காலைவரை காக்க வையுங்கள். பாராட்டிய கையோடு ஃபைல் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் போனால் உடனே 1930-க்கு, இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு, ஃபோன் செய்யுங்கள். நான் எட்டு நாள் தளத்தையே நம்பி உட்கார்ந்திருந்தது பெரிய தப்பு. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 57-ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், வரைந்தது நான்தான் என்று கோரும் உரிமை நமக்கு இருக்கிறது.

தேதி போட்ட ஸ்கெட்ச் நோட்டு, கரி தேய்த்த அந்தத் தாள், விரலால் வரைந்த அசல் படம் ஆகிய மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை காலை வக்கீலைப் பார்க்கப் போகிறேன். இதே ஸ்டைன்வைஸ் பேச்சோடு உங்களிடமும் யாராவது வந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.