நகராண்மைக் கழகத்தின் மீது புகார்: எந்தக் கதவு எதற்கு?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) போன்ற தோட்டப் பட்டணத்தில் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால், பெரும்பாலோர் மூன்று இடத்தில் சொல்வார்கள்: நகராண்மைக் கழக முகப்பு, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், முகநூல். மூன்றுமே சுயேச்சையான விசாரணை அல்ல. கழகம் செய்தது சரியா தவறா என்று வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழிகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் தருகிறது. இதைக் கலந்துகொள்வதால்தான் பல நல்ல புகார்கள் வீணாகின்றன.

முதலில், யாருடைய லோங்காங்?

தவறான அலுவலகத்துக்குப் போன புகாரை எந்த விசாரணை அமைப்பும் காப்பாற்றாது. தாமான் (குடியிருப்புப் பகுதி) தெரு, கடைவரிசை, அவற்றின் பக்கத்து லோங்காங் எல்லாம் பொதுவாகக் கழகத்தின் பொறுப்பு. ஆறும் பெரிய வடிகாலும் ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் இலாகா) பொறுப்பு. பெரிய சாலை என்றால் கல்லிலோ பலகையிலோ எண்ணைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு (மத்திய அரசு) சாலை. முன்னால் மாநிலத்துக்கான எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு எழுத்து 'பி'. இரண்டையும் பெரும்பாலும் ஜே.கே.ஆர். (பொதுப்பணி இலாகா) கவனிக்கிறது. சிலாங்கூரில் குப்பை அள்ளுவது கே.டி.இ.பி. வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம். ஆனால் அது கழகங்களின் சார்பில் செய்யும் வேலை. ஆகவே "ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை.

தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. உள்சாலையும் வீடும் தோட்ட நிர்வாகத்துடையவை. தொழிலாளர் வீடமைப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை (சட்டம் 446) அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. லயன் வீட்டுக் கழிவுநீர் பற்றி கழகத்துக்கு ஐந்து கடிதம் எழுதினாலும் அவர்கள் கையை விரிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

கழகத்தின் புகார் முறையும் பிரோ பெங்காடுவான் ஆவாமும் (பொதுமக்கள் புகார்ப் பிரிவு)

கழகத்தின் சொந்தப் புகார் முறை வேகமானது. குழி அடைக்க, விளக்கு மாற்ற, மரக்கிளை வெட்ட இதுவே போதும். அதன் பலவீனம் வெளிப்படையானது: புகார் யார்மீதோ, அவரே பதில் எழுதுகிறார். வழக்கமான கோளாறு, ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தவுடன் 'செலெசாய்' (முடிந்தது) என்று பதிவாகிவிடுவது. வேலை முடியாமலே புகார் மூடப்பட்டால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு, தேதி தெரியும் படத்துடன் மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதுப் புகாராகப் போட்டால் பழைய தாமதம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

பிரோ பெங்காடுவான் ஆவாம் 1971இல் தொடங்கியது. பிரதமர் துறையின் கீழ் இருக்கிறது. கூட்டரசு இலாகாக்களோடு மாநில இலாகாக்கள், ஊராட்சி மன்றங்கள் (நகராண்மைக் கழகமும் இதில் அடக்கம்) மீதான புகாரையும் ஏற்கும். கட்டணம் கிடையாது. தாமதம், பாரபட்சம், அதிகார மீறல், அமலாக்கமின்மை, நடைமுறையைப் பின்பற்றாமை ஆகியவை அதன் களம். அரசாங்கக் கொள்கையையும் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தையும் தொடாது. ஊழல் என்றால் ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம்.முக்குப் போகச் சொல்லும்.

இது எவ்வளவு சுயேச்சையானது? கழகத்துக்கு வெளியே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது தனிச்சட்டத்தால் பிறந்த ஆணையம் அல்ல. விசாரணையின் முதல் படி பெரும்பாலும் கழகத்திடமே விளக்கம் கேட்பதுதான். ஆகவே உங்கள் கடிதம், கழகம் எழுதப்போகும் விளக்கத்தை முன்கூட்டியே அடைக்க வேண்டும். "பல முறை சொல்லியும் பலனில்லை" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். புகார் எண், தேதி, யார் பதில் சொன்னார், என்ன சொன்னார், அதன் பிறகு இடம் எப்படி இருக்கிறது என்று வரிசையாக ஒரே பக்கத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது. கடைசியில் நீங்கள் கேட்பது ஒரே ஒரு செயலாக இருக்கட்டும்.

சிலாங்கூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆயுதம்: மாநிலத்தின் 2011ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம். அங்கீகரித்த வரைபடம், உரிம நிபந்தனை போன்றவற்றை எழுத்து மூலம் கேட்கலாம். பினாங்கிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. புகாருக்கு முன்னால் ஆவணத்தை வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் பதிலிலேயே வித்தியாசம் தெரியும்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்பது விளங்கும். அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊராட்சி ஓம்புட்ஸ்மேன் (மன்றங்கள் மீதான புகாரைச் சுயேச்சையாக விசாரிப்பவர்) இருக்கிறார். முதலில் மன்றத்தின் சொந்தப் புகார் முறையை முடித்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். அவரது பரிந்துரை சட்டப்படி கட்டாயமல்ல. ஆனாலும் முடிவுகள் புகார்தாரர் பெயரின்றி வெளியாகின்றன. எந்த மன்றம் எதில் தவறியது என்பதை ஊரே படிக்கலாம். நம் பக்கம் பதில் உங்கள் அஞ்சல் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அடுத்த தெருக்காரர் அதே புகாரை முதலிலிருந்து தொடங்குகிறார்.

சட்டமன்ற உறுப்பினரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. கழக உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள். ஓட்டுப் போட்டு அவர்களை இறக்க முடியாத இடத்தில் சட்டமன்ற உறுப்பினரின் ஒரு தொலைபேசி அழைப்பு லாரியை வரவைக்கும். லாரி வரும், தீர்ப்பு வராது. கழகக் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை என்பதை ஊராட்சிச் சட்டமே (சட்டம் 171) சொல்கிறது. போய் உட்கார ஆள்தான் இல்லை.

கெடு வைத்த வழிகள்

வீட்டு வரி மதிப்பீடு கூடிவிட்டதா? இதற்குப் பிரோவிடம் போவது காலவிரயம். சட்டம் 171இன் 142ஆம் பிரிவின்படி, மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகக் கழகத்துக்கு எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம். "வரி அதிகம்" என்பது வாதமல்ல. அதே வரிசையில் அதே அளவு வீட்டின் மதிப்பு எவ்வளவு என்று காட்டுவதே வாதம்.

உரிமம் ரத்து, கடை உடைப்பு நோட்டீஸ் போன்ற முடிவை மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்ற மறுஆய்வு. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதம்தான். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வக்கீல் செலவு உண்டு, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் சேரலாம். நீதிபதி 'இந்த முடிவு நல்லதா' என்று கேட்கமாட்டார். 'சட்டப்படி, முறைப்படி எடுக்கப்பட்டதா' என்றே கேட்பார். ஆனால் இப்படிப்பட்ட முடிவில் கழகத்தின் கையைக் கட்டக்கூடிய வழி இது ஒன்றுதான்.

மிகப் பெரிய பிழை நடப்பது இங்கேதான். பிரோவுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு 3 மாதக் கெடுவை நிறுத்துவதில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்; பிரோ கடிதம் பக்கத்தில் ஓடட்டும்.

இழப்பீடு கேட்டு வழக்குப் போட 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம் கெடு. கட்டட விவகாரத்தில் இன்னொரு சுவரும் உண்டு: கழகத்தை வழக்கிலிருந்து காக்கும், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)ஆம் பிரிவு. 1993இல் இடிந்து விழுந்து 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வழக்கிலேயே 2006இல் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை வைத்து அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

லஞ்சம் கேட்டார்கள் என்றால் நேரே எஸ்.பி.ஆர்.எம். அங்கே தண்டனை கிடைக்கலாம். உங்கள் உரிமம் திரும்பாது, லோங்காங்கும் சுத்தமாகாது. தகவல் தருபவரைக் காக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல், அமலாக்க அமைப்பிடம் சொன்னதற்குத்தான். அதே அதிகாரியின் பெயரை முன்கூட்டியே முகநூலில் போட்டவருக்கு அந்த நிழல் இல்லை. அவதூறு வழக்குத்தான் காத்திருக்கும்.