லண்டன் ரயிலும் ‘01’ விசாவும்: முகவர்களிடம் எச்சரிக்கை

பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் ஒரே சுற்றில் காட்டுவதாகச் சொல்லும் பயணத்திட்டத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா? கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் ஷெங்கன் விசாவை, அதாவது பிரான்ஸ், நெதர்லாந்து உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசாவை, முதலில் எடுத்துப் பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் ‘01’ என்று அச்சாகியிருந்தால் உங்கள் பயணம் லண்டனோடு நின்றுவிடும். 2024 மே மாதம் எங்களுக்கு அதுதான் நடந்தது.

கோவையில் உள்ள ஒரு பயண நிறுவனம், ‘பலமுறை நுழைவு விசா’வுக்கென்று தலைக்கு ஆறாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கியது. அப்படி ஒரு தனிக் கட்டணமே கிடையாது. ஒருமுறைக்கும் பலமுறைக்கும் விசாக் கட்டணம் ஒன்றுதான். அப்போது 80 யூரோ, 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. எத்தனை முறை வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறித்துக் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் ‘ஒருமுறை’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள். எங்களிடம் நீட்டியதோ கையெழுத்துப் பக்கத்தை மட்டும்.

விசா வந்ததும் அப்பா அந்த ‘01’ஐக் காட்டிக் கேட்டார். “அது விமானத்துக்கு சார். நீங்கள் லண்டனுக்கு ரயிலில்தானே போகிறீர்கள்? ஐரோப்பாவுக்குள் ரயிலில் யாரும் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பொய் எடுபடக் காரணம் இருக்கிறது. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் போகும் ரயிலுக்கும் லண்டன் போகும் ரயிலுக்கும் இப்போது ஒரே பெயர், யூரோஸ்டார். முதலாவதில் ஏறி உட்கார்ந்துவிடலாம். லண்டன் ரயில் அப்படியல்ல. பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் மேல்தளத்துக்குப் போனால் முதலில் பிரெஞ்சு எல்லைக் காவலர், வெளியேறியதாகப் பதிவு செய்வார். எங்களுக்கு முத்திரை குத்தினார். சில அடி தள்ளி, பிரெஞ்சு மண்ணிலேயே, பிரிட்டிஷ் அதிகாரி உட்கார்ந்திருப்பார். ரயில் ஏறுமுன்பே எல்லை தாண்டியாகிவிடுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் ஷெங்கனில் சேர்ந்ததில்லை. ஆக, அந்த முத்திரை விழுந்த நொடியில் எங்களுடைய ஒரே நுழைவு தீர்ந்துபோனது. முத்திரையின் மூலையில் ஒரு குட்டி ரயில் படம்கூட இருக்கிறது. ரயில் பயணிகளுக்கென்றே முத்திரை இருக்கும்போது, ஆண்டுக்கணக்கில் விசா வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலும் இதேபோல் பிரெஞ்சு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ரயிலுக்குப் போன எங்களிடம் அவர்கள் கனிவாகவே பேசினார்கள். சட்டத்தை மீற அவர்களால் முடியாது. நுழைவு முத்திரையைக் குத்தி, அதன்மேல் கறுப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, வலப்பக்கம் ஆங்கிலத்தில் ‘சி’ என்று எழுதினார்கள். செல்லுபடியாகும் விசா இல்லை என்பதற்கான குறி அது. மூன்று கடவுச்சீட்டிலும் அப்படியே. “நாம் என்னப்பா தப்பு செய்தோம்?” என்று அம்மா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா என்று கேட்கும் விண்ணப்பங்களில் எல்லாம் அறுபது வயதைத் தாண்டிய என் பெற்றோர் இனி ‘ஆம்’ என்று எழுதியாக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் விடுதிப் பணமும் அங்கிருந்து ஊர் திரும்பும் விமான டிக்கெட்டும் போயின. ஹீத்ரோவிலிருந்து புதிதாக டிக்கெட் எடுத்துத்தான் வந்து சேர்ந்தோம். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினால், எல்லை அதிகாரியின் முடிவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில், உள்ளே வருவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. அதிகாரி கவனிக்காமல் விட்டுவிடுவார் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

அந்த நிறுவனத்தின் தவறான வழிகாட்டல் விசாவோடு நிற்கவில்லை. பயணத்தில் எடுத்துப்போகச் சொல்லி அவர்கள் கொடுத்த பொருட்பட்டியலில் நெய்யும் பால்கோவாவும் இருந்தன. இறைச்சியையும் பால் பொருட்களையும் இந்தியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. சுங்கத்தில் பிடித்தால் பறிமுதல்தான்.

அவர்கள் கொடுத்த ரசீதிலேயே ‘பலமுறை நுழைவு விசா’ என்று எழுதியிருக்கிறது. அதையும், போராடி வாங்கிய விண்ணப்ப நகலையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். புறப்படப்போகிறவர்கள், விண்ணப்பம் தூதரகத்துக்குப் போகுமுன்பே அதன் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் முகவரிடம் கடவுச்சீட்டை ஒரு நாள்கூட விட்டுவைக்க வேண்டாம்.