டென்ஸ் கருவியும் என் வளைந்த முதுகும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி போன் செய்தாள். "நீ முதுகுல ஒட்டிக்குவியே, அந்தக் கரன்ட் மெஷின், அது எந்த மாடல்? பொண்ணுக்கு வாங்கலாம்னு இருக்கேன்" என்றாள். வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீ மட்டும் ஏன் விடாம வெச்சிருக்கே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பேட் வழியாக மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியைத் தணிக்கப் பயன்படுத்தும் கருவி; அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. இதைத் தேடி வருகிறவர்களுக்கு மீதி தெரிந்திருக்கும். ஒன்று மட்டும்: பிசியோதெரபி கிளினிக்கில் "கரன்ட் வைக்கிறது" என்று சொல்வது பெரும்பாலும் ஐஎஃப்டி (இன்டர்ஃபெரென்ஷியல் தெரபி). அது வேறு வகை மின் அலை, பெரிய கருவி. வீட்டுக்கு வாங்கும் கையடக்கக் கருவி டென்ஸ். என்னுடையது இரண்டு சேனல், நான்கு பேட், சார்ஜ் போடும் வகை.

என் முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்புப் பகுதியில் இடப்பக்கமாக வளைவு, எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் 36 டிகிரி. 10 டிகிரியைத் தாண்டினால்தான் ஸ்கோலியோசிஸ் (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது) என்றே சொல்வார்கள். 50ஐத் தொட்டுவிட்டால் வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல ஏறிக்கொண்டு போகும் என்பதால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். நான் இரண்டுக்கும் நடுவில். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்; நின்றுகொண்டே போர்டில் எழுதும் வேலை. பொதுத்தேர்வு சமயத்தில் அறைக் கண்காணிப்பு வேறு, மூன்று மணி நேரம் நடந்தபடி இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு விதமான வலி இருக்கும். இடப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் தசை, நாள் முழுக்க உடம்பை இழுத்துப் பிடித்த களைப்பில் முறுக்கேறிக் கிடக்கும். வலப்பக்கம் வளைவின் குழிவில், மூட்டுகள் நெரிபடும் இடத்தில், ஊசி குத்துகிற மாதிரி இன்னொரு வலி.

இந்த இரண்டில் தசை வலிக்கு டென்ஸ் நன்றாகக் கேட்கிறது. மூட்டு வலிக்குப் பாதிதான்.

நான் வைப்பது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 துடிப்பு), துடிப்பின் அகலம் 100 மைக்ரோ விநாடி, அரை மணி நேரம். அளவை ஏற்றிக்கொண்டே போய், பலமாக ஆனால் வலிக்காமல் சுறுசுறுவென்று தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த உணர்ச்சி மங்கும். அப்போது இன்னும் ஒரு படி ஏற்ற வேண்டும். மெல்லியதாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் "எனக்கு ஒண்ணுமே செய்யலை" என்கிறார்கள். வாரத்தில் சில நாள் 2 முதல் 4 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவேன். அதில் தசை டக் டக் என்று துடிக்கும். தினமும் ஒரே அமைப்பில் வைத்தால் உடம்பு பழகிக்கொண்டு பலன் குறைந்துவிடும் என்பதால் இப்படி மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார் என் பிசியோ.

இது வேலை செய்கிற விதத்துக்கு அடிப்படை, ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965ல் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு. தொடுதலையும் அதிர்வையும் கடத்தும் தடித்த நரம்புகளைத் தூண்டிவிட்டால், மெல்லிய நரம்புகள் வழியாக வரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே அடங்கிப்போகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணிகளும் சேர்ந்துகொள்கின்றன. வளைவை இது தொடுவதே இல்லை. வலிச் செய்தியை மட்டும்தான் தொடுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 1990ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 145 பேரிடம் நடந்தது. நிஜ டென்ஸும், மின்சாரமே வராத பொம்மை டென்ஸும் ஒரே பலனைத்தான் தந்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. எனக்குப் பலன் தெரிகிறது என்பதால் இவை பொய்யாகிவிடாது. ஆனால் அதே 1990 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. டென்ஸ் தோற்ற இடத்தில் உடற்பயிற்சி ஜெயித்தது. பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் பயிற்சியை விட்டிருந்தார்கள், கிடைத்த முன்னேற்றமும் போயிருந்தது.

நான் இந்தக் கருவியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பேட்டைக் கழற்றிய பிறகு எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வலி தணிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை முடித்துவிடுவேன்: பக்கவாட்டு பிளாங்க், பூனை போல முதுகை வளைத்து இறக்குவது, குழிந்த பக்கத்துக்கு மூச்சை இழுத்து விரிக்கும் ஷ்ரோத் முறை மூச்சுப்பயிற்சி. டென்ஸ் இல்லாத நாளில் அந்தப் பக்கவாட்டு பிளாங்கைச் செய்ய உடம்பு இடம் கொடுக்காது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். வலியைக் குணப்படுத்தும் பொருளாக இதை வாங்கியிருந்தால் எப்போதோ பரணில் போட்டிருப்பேன். பயிற்சிக்கு முன்னால் வைக்கும் பொருளாகத்தான் இது என் வீட்டில் நிலைத்தது.

இனி, என்னை வருஷக்கணக்காக எரிச்சல்படுத்தும் விஷயம்: பேட்.

கையேட்டில் முதுகுவலிக்கு ஒரு படம் போட்டிருக்கிறார்கள். முதுகுத்தண்டு நடுவில் நேர்கோடாக நிற்கிறது. இரண்டு பக்கமும் சம தூரத்தில் இரண்டிரண்டு பேட். அந்தப் படத்தில் இருக்கும் முதுகு எனக்கு இல்லை. படத்தின்படி ஒட்டினால் ஒரு பேட் எலும்பின் மேலேயே உட்காரும், இன்னொன்று குழிவில் விழுந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். ஓரம் தூக்கினால் ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்தில் மொத்த மின்சாரமும் கூடிச் சுருக்கென்று குத்தும். ஸ்கோலியோசிஸ் உள்ளவர்கள் இந்தக் கருவியை நிறைய வாங்குகிறார்கள் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும். பெட்டியின் மேலேயே அந்தப் பெயரைப் போடுகிறார்கள். அப்படியிருக்க, வளைந்த முதுகுக்கு ஒரே ஒரு படம் வரைந்து கொடுக்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் பிசியோ விரலால் அழுத்திப் பார்த்து இடம் சொன்னார். இடப்பக்கம் துருத்திய தசையின் மேல் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பேட், வலப்பக்கம் குழிவின் அடியில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே மற்ற இரண்டு. ஐப்ரோ பென்சிலால் குறித்து, என் போனிலேயே படமும் எடுத்துக் கொடுத்தார். பென்சில் குறி ஒரு குளியலில் போய்விடும். அதற்கு வழி கண்டுபிடித்தது என் மாமியார். "ஏம்மா, மருதாணி வெச்சா ஒரு வாரம் நிக்குமே" என்றார். அன்றிலிருந்து பேட்டின் மூலைகள் வரும் இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அரைத்த இலை மருதாணிதான். கடைக் கோனில் ரசாயனம் கலந்திருந்தால் தோல் எரியும். அத்தை கண்ணாடி போடாமலேயே இப்போது சரியாக ஒட்டுகிறார். அவர் ஊருக்குப் போகும் வாரங்களில் எனக்கு டென்ஸ் கிடையாது. முதுகுக்கு என்று விற்கும் கருவியின் பேட்டைத் தன் முதுகில் தானே ஒட்டிக்கொள்ள முடியாது என்பது வாங்கும்போது யாருக்கும் தோன்றாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

அப்புறம் வியர்வை. ஒரு பேட்டை 20 முதல் 30 முறை ஒட்டலாம் என்று உறையில் போட்டிருக்கிறது. சித்திரை வைகாசியில் அதில் பாதிகூட வருவதில்லை. தேங்காய் எண்ணெய், பவுடர், தைலம் எது தோலில் இருந்தாலும் பசை போய்விடும். நம் வீடுகளில் முதுகு வலித்தால் முதலில் கை போவது தைலத்துக்குத்தான். தைலம் தடவிய தோலில் பேட் ஒட்டினால் எரிச்சலும் வரும், பேட்டும் பாழாகும். டென்ஸ் முதலில், தைலம் படுக்கப்போகும்போது என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுவது, கழற்றியதும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி ஜிப் கவருக்குள் வைப்பது, காய்ந்துபோனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவுவது: இவற்றால் ஆயுள் கொஞ்சம் நீளும். புடவை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, பாவாடை நாடா சரியாகக் கீழ்ப் பேட்டின் மேல் வந்து உட்காரும். வீட்டில் நைட்டிக்கு மாறிய பிறகுதான் ஒட்டவே முடியும். மெஷினுக்கு ஒரு தடவை கொடுத்த பணத்தைவிடப் பல மடங்கு இதுவரை பேட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது தோழியின் கேள்வி. அவள் பெண்ணுக்கு 13 வயது. பள்ளி மருத்துவ முகாமில் குனியச் சொல்லிப் பார்த்து, விலா ஒரு பக்கம் மேடாக இருக்கிறது என்று எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 27 டிகிரி. குழந்தைக்கு வலியே இல்லை. "மின் தூண்டுதலால் முதுகுத்தண்டு நிமிரும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோழி என்னைக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது அந்த விளம்பரத்தின் மேல்.

இது புது யோசனை இல்லை. 1970, 80களில் வளைவின் குவிந்த பக்கத் தசைக்கு இரவெல்லாம் மின்சாரம் கொடுத்து நிமிர்த்தலாம் என்று மருத்துவர்களே முயன்று பார்த்தார்கள். 1995ல் அதன் முடிவு வெளிவந்தது. 286 பெண் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. வளைவு கூடாமல் நின்றது பிரேஸ் (உடம்பைச் சுற்றி அணியும் கவசம்) போட்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு. எதுவும் செய்யாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் 34 சதவீதம். மின் தூண்டுதல் வைத்தவர்களில் 33 சதவீதம். சும்மா இருந்ததும் மின்சாரம் வைத்ததும் ஒன்றுதான். 2013ல் வந்த பெரிய ஆய்வில் பிரேஸின் பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். நாளுக்கு 13 மணி நேரம் போல அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வளைவு அறுவை அளவுக்குப் போகவில்லை. 27 டிகிரியும் வளரும் வயதும் பிரேஸ் பற்றி முடிவெடுக்க வேண்டிய கட்டம். இந்த நேரத்தில் கருவி வாங்கி ஆறு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தால், போவது பணம் மட்டும் இல்லை, அந்தக் குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காத வளர்ச்சிக் காலம். எலும்பு மருத்துவரிடம் உடனே கூட்டிப் போ என்று சொன்னேன். அடுத்த வாரம் போகிறாள்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இடுப்பிலோ வயிற்றிலோ வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், மரத்துப்போன தோல், புண் இருக்கும் இடம் வேண்டாம். வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். சார்ஜில் போட்டபடி உடம்பில் வைக்கவே கூடாது.

சென்ற மாதம் என் கருவியின் வயர், பேட்டில் செருகும் பின் (pin) இருக்கும் முனையில் அறுந்துபோனது. கம்பெனிக்குப் போன் செய்தால், வயர் தனியாகக் கிடையாது, புது செட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நன்றாக ஓடும் மெஷினைக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்? எங்கள் தெரு டிவி மெக்கானிக் பற்றவைத்துக் கொடுத்தார். பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி மறுபடி விட்டுப்போனது.

எனக்கு இது உதவுகிறது என்று மேலே எழுதிய எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் இன்றைக்கு யாராவது வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். முதலில் பிசியோவிடம் போய் அவருடைய டென்ஸை நாலைந்து அமர்வு வைத்துப் பாருங்கள். கழற்றிய பிறகும் வலி தணிந்தே இருக்கிறதா, அந்த நேரத்தில் பயிற்சி செய்ய முடிகிறதா, வீட்டில் ஒட்டிவிட ஆள் உண்டா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், கடைகளில் தனியாகக் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் பின் (pin) வைத்த வயர்தானா என்று பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.