கிளிநொச்சியில் ஒரு பழைய பாத்திரக் கடை

கிளிநொச்சி நகரை அண்டி, ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இயங்கும் பழைய பாத்திரக் கடையை, சாப்பாட்டு மேசையில் பழைய புழங்குபொருள்களை வைத்துப் பாவிக்க விரும்பும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டுத்திட்டங்களில் எழுந்த நம் வீடுகள் பெரும்பாலும் ஒரே வரைபடத்தில் அமைந்தவை. ஒரு வீட்டுக்கென்று தனி முகம் வருவது உள்ளே புழங்கும் பொருள்களாலேயே. ஆனால் 2009இல் உடுத்த உடையோடு வெளியேறிய வன்னியில் அப்பம்மா காலத்துச் செம்போ வட்டிலோ மிஞ்சிய வீடுகள் மிகச் சில. வளவில் புதைத்துவிட்டுப் போனவற்றில் அகப்பட்டவை போக, எத்தனையோ பாத்திரங்கள் பழைய இரும்போடு நிறுக்கப்பட்டு உருக்குவதற்குப் போய்விட்டன. அப்படிப் போகுமுன் மறித்து வாங்கிச் சேர்த்தவையே இக்கடையில் உள்ளவை.

பாத்திரங்களில் வெட்டப்பட்ட பெயரெழுத்துகளை அராவி அழிக்காமல் விற்பதே இக்கடையில் எனக்கு மிகவும் பிடித்தது. கலியாண வீட்டுக்கும் கோயில் பொங்கலுக்கும் பாத்திரங்களை இரவல் கொடுத்து வாங்கிய காலத்தில், அவை மாறிப்போகாமலிருக்க முதலெழுத்துகளைப் புள்ளிபுள்ளியாக வெட்டுவித்தார்கள். நான் வாங்கிய பித்தளை மூக்குப்பேணியின் விளிம்புக்குக் கீழே ‘க. வே.’ என்ற எழுத்துகள் தேய்ந்து, விரலால் தடவும்போதுதான் தெளிவாகப் புலப்படுகின்றன. மூக்கு உடலோடு பொருந்தும் இடத்தில் பழைய ஒட்டின் தழும்பு தெரிந்தாலும் தண்ணீர் ஒரு சொட்டும் கசியவில்லை. அண்ணாந்து குடிக்கும்போது நீர் மெல்லிய தாரையாக விழுகிறது. அந்த மூக்கை வளைத்த கன்னாரின் கைத்திறனுக்கு வேறு சான்று தேவையில்லை.

வெண்கலமா பித்தளையா என்று கேட்டால் கடைக்காரர் தட்டிக் காட்டுகிறார். வெண்கலத்தின் ஓசை நீண்டு ஒலித்து அடங்கும். ஆயினும் பாத்திரத்தின் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசித் தரும் ஏற்பாடு கடையில் இல்லாதது பெருங்குறை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் புளியோ தயிரோ தங்கினால் களிம்பு ஏறும் என்பதால், உட்பூச்சுப் போன சட்டியில் இரசமோ புளிக்குழம்போ வைக்கக்கூடாது. இதைக் கடைக்காரரே சொல்லி விற்க வேண்டும், அவர் சொல்வதில்லை.

பீங்கான் பக்கம் அவ்வளவு நம்பிக்கைக்குரியதாக இல்லை. ‘மேட் இன் ஸ்ரீ லங்கா’ என்ற முத்திரையுள்ள தேநீர்க் கோப்பைகளை வெள்ளைக்காரர் காலத்தவை என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா என மாறியதே 1972இல். ஆகவே அக்கோப்பைகள் அதற்கு முற்பட்டவையாக இருக்க வழியில்லை. வாங்குமுன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் ஓடிய பழைய வண்ணத் தட்டுகளில் சாப்பாடு, குறிப்பாகப் புளிப்பானது, பரிமாற வேண்டாம். அந்நாளைய பூச்சுகள் பலவற்றில் நஞ்சான காரீயம் கலந்திருந்தது.

பித்தளையை நிறைக்கு விற்பதால் அதில் பேரம் பேசத் தேவையில்லை. பீங்கானுக்குக் கட்டாயம் பேசுங்கள்.