உள்ளிதழ் குறைப்பு அறுவை: எந்த முறை எங்கே சறுக்கும்

பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களை வெட்டிச் சிறிதாக்கும் லேபியாபிளாஸ்டிக்கு விளம்பரம் செய்பவர்கள் 'ஒரு மணி நேர வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்பார்கள். அது பொய்யில்லை. மரத்துப்போக ஊசி போட்டு அவ்வளவு நேரத்தில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு அறுவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டுப்போகும். சிலது கெட்டால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், சிலதுக்கு வழியே கிடையாது. அதனால் எது அழகாக வரும் என்பதை விட்டுவிட்டு, கெட்டால் எதை மீட்கலாம் என்ற கணக்கில் இங்கே ஒப்பிடுகிறோம்.

முதலில் அளவு. 2005-இல் லண்டனில் 50 பெண்களை அளந்து வெளியிட்ட ஆய்வில் உள்ளிதழின் நீளம் 20 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை இருந்தது, அகலம் 7 முதல் 50 மி.மீ. வரை. 2018-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் 650-க்கும் மேற்பட்ட பெண்களை அளந்தபோதும் இதே கதைதான். நல்ல ஆரோக்கியமான உடம்பிலேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. இடதும் வலதும் சமமில்லாமல் இருப்பது சகஜம். வெளியிதழைத் தாண்டி உள்ளிதழ் தெரிவதும், ஓரம் கருத்து மடிப்பு மடிப்பாக இருப்பதும் அப்படித்தான். 'இத்தனை செ.மீ.க்கு மேல் போனால் அதிக வளர்ச்சி' என்று ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 5 என்பார். மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட எண் என்று ஒன்று இல்லை.

இன்னொன்று, அது வேலையில்லாமல் தொங்கும் தோல் அல்ல. உள்ளே கொழுப்பு கிடையாது. ரத்தக்குழாய், நரம்பு, எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உண்டு. யோனி வாயை மூடி ஈரத்தைக் காப்பதும், உறவின்போது ரத்தம் நிறைந்து தடிப்பதும் அதன் வேலைகள். நரம்பு இழைகள் எல்லாப் பக்கமும் பரவியிருப்பதால், வெட்டினால் உணர்வு போகாத 'பாதுகாப்பான மூலை' என்று ஒன்றைக் காட்ட முடியாது.

கத்தியில்லாத வழி

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது ஒன்றுதான் முழுக்கத் திருப்பக்கூடியது. உராய்வு, எரிச்சல், அரிப்பு என்று வருகிறவர்களில் பலருக்கு இதழின் நீளம் காரணமாக இருப்பதில்லை. முடியை முழுக்க மழித்துவிட்டால் துணிக்கும் தோலுக்கும் நடுவே இருந்த மெத்தை போய்விடுகிறது. மழித்த சில நாளில் முளைக்கும் கூர்முடி வேறு குத்தும். அதன் மேல் இறுக்கமான நைலான் லெக்கின்ஸ், நாப்கினின் பிளாஸ்டிக் ஓரம், 'இன்டிமேட் வாஷ்' என்று மணக்கும் திரவம். இவை எல்லாம் சேர்ந்து செய்த புண்ணுக்கு இதழின் மேல் பழி விழுகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றிலும் இதழ் வீங்கிச் சிவக்கும். வெள்ளைத் திட்டுகளோடு தோல் மெலிந்து அரிக்கும் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த நோய் உள்ளிதழைத் தானே கரைத்துச் சுருக்கும், அதன்மேல் கத்தி வைத்தால் தழும்பிலும் நோய் ஏறும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு யோனியில் இடும் ஈஸ்ட்ரஜன் க்ரீம் இருக்கிறது. ஆகவே அளவை அளப்பதற்கு முன் இவை பரிசோதிக்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது சிறியது. மழிப்பதை நிறுத்திக் கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். வெளிப்பகுதிக்குச் சோப்பு வேண்டாம், தண்ணீர் போதும். தளர்வான பருத்தி உள்ளாடை. வாக்கிங், சைக்கிள் போகும் முன் வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி பட்டாணி அளவு. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நடுவில் குழிவிட்ட இருக்கை. இரண்டு மூன்று மாதம் இப்படி இருந்து பார்த்தபின், உறவின்போது இதழ் உள்ளே மடிந்து இழுத்து வலிக்கிறது, ஓட்டத்தில் புண்ணாகிறது என்ற அளவுக்குத் தொல்லை மிஞ்சினால், அப்போது அறுவையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த வழியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கருமைக்கு என்று கடையில் வாங்கும் 'வெண்மையாக்கும்' க்ரீம்களில் பலமான ஸ்டீராய்டு கலந்திருந்தால், மாதக்கணக்கில் பூச அந்தத் தோல் காகிதம்போல மெலியும். கருமை அங்கே இயல்பு. அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

ஓரம் நறுக்குவது

பழைய முறை, கற்றுக்கொள்ள எளிது, அதிகம் செய்யப்படுவதும் இதுதான். 1984-இல் ஹாட்ஜ்கின்சன், ஹைட் என்ற இருவரின் கட்டுரைக்குப் பிறகு அழகு அறுவைப் பட்டியலில் ஏறியது. துருத்தும் ஓரத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்து, இரண்டு தோல் விளிம்பையும் தானாகக் கரையும் மெல்லிய நூலால் தைப்பார்கள். கருத்த, மடிப்பான ஓரம் போய்விட வேண்டும் என்று கேட்பவருக்கு இதில்தான் அது போகும்.

இதன் பெரிய ஆபத்து அளவுக்கு மீறி வெட்டுவது. அது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி, அட்ரினலின் கலந்து ஏறியதும் இதழ் உப்பிப் பெரிதாகிவிடும்; ஊசிக்குப் பின் கோடு போட்டால் அளவு தப்பும். வெட்டுவதற்காக இடுக்கியால் இழுத்துப் பிடிக்கும்போது அது ரப்பர்போல நீளும். இழுத்த நிலையில் ஓர் ஓரமாகத் தெரிந்தது, விட்டதும் சுருங்கி அடியோடு போயிருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் போனால் மற்றப் பக்கத்தைச் சமப்படுத்த இன்னும் கொஞ்சம். குரங்கு அப்பம் பங்கிட்ட மாதிரி, இரண்டு பக்கமும் தீர்ந்துவிடும். ஆறின பின் தழும்பும் சுருங்கி இன்னும் கொஞ்சத்தை விழுங்கும். இதனால்தான் குறைந்தது 1 செ.மீ. இதழ் மிச்சம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அடியோடு போய்விட்டால் யோனி வாய் திறந்தே கிடக்கும். வறட்சி, உள்ளாடை பட்டாலே எரிச்சல், சிறுநீர் சிதறிப் பாய்வது, உறவில் வலி. இழந்த இதழை மறுபடி வரவழைக்க முடியாது. கிளிட்டோரிஸை (உள்ளிதழ்கள் மேலே சேரும் இடத்தில் இருக்கும் உணர்ச்சி மொட்டு) மூடும் தோல் மிச்சமிருந்தால் அதை நகர்த்தி ஓரளவு ஒப்பேற்றுவார்கள், அவ்வளவுதான்.

சிறிய குறைகளும் உண்டு. ஓரம் முழுக்கத் தழும்பு ஓடுவதால் சிலருக்கு அந்தக் கோடே தொட்டால் கூசும், அல்லது மரத்துப்போகும். தொடர்தையலை இறுக்கிப் போட்டால் ஓரம் பல்பல்லாக வரும். மேலே கிளிட்டோரிஸ் தோலைச் சேர்த்துத் திட்டமிடாமல் கீழே மட்டும் குறைத்தால், மேல்பாகம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அறுவைக்கு வந்தவர் முன்பு கவனித்தே இராத ஒன்று, இப்போது கண்ணை உறுத்தும்.

ஆப்பு வடிவில் எடுப்பது

1998-இல் அமெரிக்க மருத்துவர் கேரி ஆல்டர் எழுதிய முறை. ஓரத்தைத் தொடாமல், இதழின் நடுவில் பெரிதாக இருக்கும் இடத்தில் ஒரு கேக் துண்டுபோல ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, மேலும் கீழும் இருப்பதை இழுத்து இணைப்பார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த ஆப்பைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளியும் பார்த்தார்கள். இயற்கையான ஓரம் அப்படியே இருக்கும். தழும்பு நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஒரே கோடாக இருக்கும். இதழை அடியோடு இழக்கும் வாய்ப்பு ஓரம் நறுக்குவதைவிடக் குறைவு.

ஆனால் இங்கே தையல் இழுவையில் நிற்கிறது. அது பிரிவதுதான் இந்த முறையின் முக்கியமான தோல்வி, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். ஓரத்தில் பிரிந்தால் ஒரு வெட்டுப்போல இடைவெளி நிற்கும். நடுவில் பிரிந்து ஓரம் ஒட்டிக்கொண்டால் காதுகுத்தின மாதிரி ஓட்டை விழும். ஆப்பை அகலமாக எடுத்தால் இழுவை கூடும், யோனி வாயின் பின்பக்கம் இறுகி உறவில் வலிக்கும். மேலே கருப்பு, கீழே வெளிர் நிறம் என்றால் இணைந்த கோட்டில் நிறம் சட்டென்று மாறித் தெரியும்.

ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாத முறை. சிகரெட் பிடிப்பதில்லை என்று சொல்லும் பெண்ணிடம் வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா என்று கேட்பதில்லை; கேட்க வேண்டும். நிகோடின் எந்த வழியில் போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும், இணைத்த ஓரத்துக்கு ரத்தம் எட்டாமல் கருகும். அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்த முடியாதவருக்கு ஆப்பு முறை வேண்டாம்.

இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எங்கள் சாய்வு ஆப்பு முறைக்குத்தான். பிரிந்த தையலை, வீக்கமெல்லாம் வடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து மறுபடி இணைக்கலாம், சதை இருக்கிறது. நறுக்கிப் போட்ட ஓரம் குப்பைக்கூடையில் இருக்கிறது. ஒரே நிபந்தனை, செய்பவர் இந்த முறையை வழக்கமாகச் செய்கிறவராக இருக்க வேண்டும்.

மேல்தோலை மட்டும் உரிப்பது

2000-இல் சோய், கிம் என்ற இருவர் எழுதினார்கள். இதழின் இரு முகத்திலும் நடுப்பகுதி மேல்தோலை மட்டும் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் நரம்பையும் ரத்தக்குழாயையும் விட்டு, மடித்துத் தைப்பது. காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் சதை அப்படியே உள்ளே மடிவதால் இதழ் தடித்துத் தெரியும். மேல்தோல் துணுக்கு உள்ளே சிக்கினால் பின்னால் கட்டியாக முளைக்கும். கொஞ்சமாகக் குறைத்தால் போதும் என்பவர்க்கு மட்டுமே பொருந்தும்.

லேசர் என்ற சொல்

'லேசர் லேபியாபிளாஸ்டி' என்பது நான்காவது முறை அல்ல. மேலே சொன்ன ஏதோ ஒன்றைத்தான், கத்தரிக்குப் பதில் லேசரால் வெட்டுகிறார்கள். ரத்தம் குறைவாக வரும். ஆனால் விளிம்பு சூட்டில் வெந்தால் ஆறத் தாமதமாகும். 'வெட்டில்லாமல் இறுக்குகிறோம்' என்று லேசரையும் ரேடியோ அலைக் கருவியையும் யோனிக்குள் விடுவது வேறு கதை. 2018 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்தக் கருவிகளை 'யோனிப் புதுப்பிப்பு' என்று விற்பதை எச்சரித்தது: தீக்காயம், தழும்பு, உறவில் வலி, நாட்பட்ட வலி.

எந்த முறையானாலும்

முதல் 48 மணி நேரம் ரத்தம் கட்டுகிறதா என்று கவனிக்க வேண்டிய நேரம். இரண்டு பக்கமும் வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மணிக்கு மணி பெரிதாகி, கருநீலமாக, பலூன்போல இறுகி வலித்தால், அல்லது சிறுநீரே போகாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஐஸ் துணியில் சுற்றி 10–15 நிமிடம் வைத்து எடுக்கலாம். நேரடியாக வைத்தால் மரத்த தோல் பனியில் புண்ணாகும். 100.4 டிகிரி காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு என்றால் தொற்று.

வெளிநாட்டு அறிவுரைத் தாள்களில் இல்லாத ஒன்று, குந்தி உட்காரும் கழிவறை. ஆழமாகக் குந்தினால் தையல் நேராக விரிந்து இழுபடும். இரண்டு மூன்று வாரத்துக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் வீட்டில் இருக்க வேண்டும், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குவளைத் தண்ணீரை முன்னிருந்து பின்னாக ஊற்றி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த உடனே தேதி வாங்கினால் அடுத்த நாப்கின் உராய்வுக்கு மூன்று வாரம் அவகாசம் கிடைக்கும். உறவு, டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப், ஸ்கூட்டர், சைக்கிள் எல்லாம் ஆறு வாரம் தள்ளி. முடிவான உருவம் தெரிய ஆறு மாதம்.

எல்லா முறைக்கும் '90 சதவீதத்துக்கு மேல் திருப்தி' என்று கட்டுரைகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அறுவை செய்தவர்களே தங்கள் நோயாளிகளைக் கேட்டு எழுதியவை, பின்தொடர்ந்த காலமும் குறைவு. இதனால்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமான 'அமெரிக்கன் காலேஜ்' 2020-இல் புதுப்பித்த அறிவுரையில், தரமான ஆதாரம் குறைவு என்பதையும், வலி, தழும்பு, உணர்வு மாற்றம், மறு அறுவை ஆகியவற்றையும் நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் சங்கமான 'ராயல் காலேஜ்' 2013-இல், 18 வயதுக்குள் இதைச் செய்யக் கூடாது என்றது. பருவ வயதில் உள்ளிதழ்தான் முதலில் வளரும், வெளியிதழ் பின்னால் நிரம்பி மூடும். 15 வயதில் 'நீளம்' என்று வெட்டினது 20 வயதில் தேவையே பட்டிருக்காது. கண்ணாடி முன்னால் நாளைக்குப் பலமுறை நின்று இதையே நினைத்துத் தவிப்பவருக்கு, எந்த அறுவையும் அந்தத் தவிப்பைத் தீர்ப்பதில்லை; முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அத்தனையும் யோசித்துச் செய்துகொள்ளத் தீர்மானித்தவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்த முறை, ஏன் எனக்கு அது? எத்தனை மி.மீ. மிச்சம் வைப்பீர்கள்? ஆறு மாதம் கழித்து எடுத்த படங்கள் உண்டா? தையல் பிரிந்தால் மறு அறுவைக்குப் பணம் யார் கொடுப்பது? பதில்களைச் சம்மதப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், தமிழில். பிறகு அறுவை அன்று, மேசையில் படுத்ததும், ஊசி ஏறுவதற்கு முன்பே பேனாவால் கோடு போடச் சொல்லிக் கைக்கண்ணாடி ஒன்று வாங்கிப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பதுதான் உங்களுக்கு. போதாது என்று பட்டால் எழுந்துவிடலாம், இன்னும் எதுவும் வெட்டப்படவில்லை.