கேட்டில் கொடுத்த பயோடேட்டாவும் ஆன்லைனில் போட்ட விண்ணப்பமும்

கோவை கணபதி பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், கேட்டில் இருந்த செக்யூரிட்டி மேஜையை மாற்றினார்கள். பழைய மேஜையின் டிராயரை இழுத்தால் உள்ளே அறுபதுக்கு மேல் பயோடேட்டாக்கள். சிலவற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் கறை இறங்கியிருந்தது. ஒட்டிய போட்டோக்களில், கழுத்துவரை பட்டன் போட்டு நேராகப் பார்க்கும் பையன்கள். அதில் இரண்டு பேர் லேத் மெஷின் ஓட்டும் டர்னர்கள். டர்னர் கிடைக்கவில்லை என்று அதே மாதங்களில் நாங்கள் பேப்பரில் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருந்தோம். செக்யூரிட்டி அண்ணன் மேல் தப்பில்லை. வாங்கியதை உள்ளே யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆன்லைனில் விண்ணப்பிப்பதால் என்ன லாபம் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த டிராயர்தான் நினைவுக்கு வரும். நேரமும் பஸ் காசும் மிச்சமாவது உண்மைதான். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கோவை வந்து நாலு கம்பெனி வாசல் ஏறி இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம், விண்ணப்பித்ததற்கு ஒரு தடயம் இருப்பது. இந்தத் தேதியில், இந்த வேலைக்கு, இந்த எண்ணில் விண்ணப்பித்தேன் என்று ஒரு மெயில் அவர் கையில் இருக்கும். கம்பெனி பக்கத்திலும் அது இருக்கும்.

இன்னொரு லாபத்தைப் பலர் வெளியே பேசுவதில்லை. ஸ்டேஷனரி கடையில் விற்கும் அச்சடித்த பயோடேட்டா ஃபாரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா பெயர், மதம், சாதி, கல்யாணம் ஆனதா என்ற வரிகளெல்லாம் தாண்டித்தான் பலவற்றில் வேலை அனுபவத்துக்கு இடம் வரும். கேட்டில் கொடுக்கப் போனாலோ, எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்ற விசாரிப்பு. தனியார் கம்பெனியின் ஒழுங்கான ஆன்லைன் படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது. பெண்களுக்கும் இது பெரிய வித்தியாசம். தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாக நின்று கேட்க விரும்பாத பெண்கள், எங்கள் படிவம் ஆன்லைனுக்கு மாறிய பிறகு விண்ணப்பித்தார்கள். குவாலிட்டி செக்கிங்கில் இன்று இருக்கும் நல்ல ஆட்களில் சிலர் அப்படி வந்தவர்கள்தான்.

இயந்திரம் எல்லாரையும் சமமாகப் பார்க்கும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. விண்ணப்பங்களுக்குத் தானாக மதிப்பெண் போட அமேசான் உருவாக்கிய ஒரு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதையும், அதை அந்த நிறுவனமே கைவிட்டதையும் 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தியாக்கியது. பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்ற மென்பொருள், அவற்றில் ஆண்களுடையதே அதிகம் என்பதால் அந்தச் சாய்வையும் சேர்த்துக் கற்றுவிட்டது. வடிகட்டும் வேலையை மென்பொருளிடம் விடும் கம்பெனிகள், அது ஒதுக்கியவற்றில் சிலதையாவது மாதம் ஒருமுறை திறந்து படிக்க வேண்டும். நாங்கள் படித்தோம். நல்ல ஆட்கள் அதில் கிடைத்தார்கள்.

சரி, கேட்டில் கொடுப்பது இனி எதற்கும் ஆகாதா? திருப்பூர் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனி வாசல்களில் ‘பவர் டேபிள், ஓவர்லாக் டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை’ என்ற போர்டு தொங்கும். டெய்லர் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து ஒரு பீஸ் தைத்துக் காட்டுவார். தையலைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். கையைப் பார்த்து எடுக்கிற வேலைக்கு ரெஸ்யூமே எதற்கு? அந்த இடத்தில் ஆன்லைன் படிவம் வைத்தால் நல்ல டெய்லர் அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார். பார்த்த மாத்திரத்தில் திறமை தெரியும் வேலைக்கு நேரில் போவது, காகிதத்தில் சொன்னால்தான் புரியும் வேலைக்கு ஆன்லைன் என்பது என் கணக்கு.

ஆன்லைன் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் வாசல்கள் பல. எந்த வாசல் என்பதைப் பொறுத்து யாருக்கு லாபம் என்பது மாறும்.

முதல் வாசலாக நௌக்ரி போன்ற பெரிய வேலைத் தளங்களை எடுத்துக்கொள்வோம். நௌக்ரி 1997-லிருந்து இருக்கும் தளம். வேலை தேடுபவர் இலவசமாகப் பதியலாம். கம்பெனிகள் காசு கட்டி அந்த ரெஸ்யூமே குவியலுக்குள் தேடும். இங்கே விண்ணப்பிப்பது பாதி, தேடுபவர் கண்ணில் படுவது மீதி. நான் உட்கார்ந்து தேடும்போது என்ன அடிப்பேன் தெரியுமா? சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்), டர்னிங், ஃபானுக் (அந்த மெஷினின் கன்ட்ரோலர் பிராண்ட்), 2 முதல் 5 வருட அனுபவம், கோவை. அப்புறம் நோட்டீஸ் பீரியட், அதாவது இப்போதைய வேலையை விட்டு வர ஆகும் நாள், பதினைந்து நாளுக்குள். கடைசியாக, சமீபத்தில் தளத்துக்குள் வந்து போனவர்கள் மட்டும். ‘மெஷின் ஆபரேட்டர், கடின உழைப்பாளி’ என்று மட்டும் எழுதிவைத்த நல்ல ஆள் இந்தத் தேடலில் வரவே மாட்டார். எந்த மெஷின், எந்த கன்ட்ரோலர், எந்த அளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) என்று எழுதியவர் முதல் பக்கத்தில் நிற்பார். மாதக்கணக்கில் உள்ளே வராதவர் வடிகட்டலிலேயே போய்விடுவார். ரெஸ்யூமேயை போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கிப் போடுகிறவர்களும் உண்டு. எழுத்தைத் தேடும் மென்பொருளுக்கு அது வெறும் படம்.

கம்பெனிகளுக்கு அங்கே உள்ள தொல்லை வெள்ளம். லிங்க்ட்இன் தளத்தில் சட்டென்று விண்ணப்பிக்க ‘ஈஸி அப்ளை’ பட்டன் இருப்பதால் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலைக்கு முந்நூறு விண்ணப்பம் வந்தால் இருநூறுக்கு மேல் சம்பந்தமே இல்லாதவை. நேரம் மிச்சம் என்று நினைத்து வந்த முதலாளிக்கு அதில் நேரம் இரட்டிப்பாகச் செலவாகும்.

இரண்டாவது வாசல், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். படிவம் நீளம், அலுப்பாக இருக்கும். அதனாலேயே வருவது குறைவு, வருகிறவர் தெரிந்து வருகிறார். நாங்கள் இரண்டே கேள்வி சேர்த்தோம். கடைசியாக வேலை செய்த மெஷினில் அடிக்கடி வந்த பழுது என்ன, இரவு ஷிஃப்டுக்கு வர முடியுமா? அந்த இரண்டு பதிலில் பாதித் தேர்வு முடிந்துவிடும். வேலை தேடுபவருக்கும், தன் விண்ணப்பம் போலித் தளம் எதிலும் விழவில்லை என்ற உறுதி இங்கே கிடைக்கும். பெரிய தளத்தில் விளம்பரத்தைப் பார்த்தாலும், ஒருமுறை கம்பெனியின் பக்கத்துக்குப் போய் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு இணையதளமே இருக்காது. அவருக்கு அரசின் தமிழ்நாடு தனியார் வேலை இணையம் இருக்கிறது. இரு பக்கத்துக்கும் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் முகாம்களுக்கும் அதில் பதியலாம். ‘பிரைவேட்டில் சேர்ந்தால் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு போய்விடுமே’ என்று தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது. முகாமில் வேலை கிடைத்தாலும் பதிவு மூப்பு ரத்தாகாது என்று அரசு அறிவிப்புகளிலேயே சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது. மேல் பொறுப்புகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் இந்த வழியை அதிகம் நாடுவதில்லை. முதல் வேலை தேடுபவருக்கும் பத்துப் பேர் வைத்துத் தொழில் செய்பவருக்கும் இது நல்ல வழி.

அரசுத் தேர்வுகளில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இத்தனையும் காகிதத்தில் வந்திருந்தால் பிரித்து அடுக்கவே எத்தனை மாதம் ஆகும்! 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்தால் 5 வருடத்துக்குச் செல்லும். கடைசித் தேதி முடிந்த பிறகு தவறுகளைத் திருத்த மூன்று நாள் தருகிறார்கள். தபாலில் போட்ட ஃபாரத்தில் தப்பு நேர்ந்தால் நேர்ந்ததுதான். ஆனால் பிரவுசிங் சென்டரில் போய்ப் பதிகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் அங்கிருப்பவர் தன் மெயிலையோ போன் நம்பரையோ போட்டுவிட்டால், ஓ.டி.பி.யும் தகவலும் அவருக்குத்தான் போகும். உங்கள் நம்பர், உங்கள் மெயில், கையெழுத்து வரை நீங்களே பார்த்து அனுப்புங்கள்.

மோசடி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, கேட்டை விட ஆன்லைனில் அது சுலபம். வேலை தர எந்த நல்ல கம்பெனியும் பணம் கேட்காது. விண்ணப்பிக்கும்போதே ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் தேவைப்படாது. கம்போடியா, மியான்மரில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய் இணைய மோசடி செய்யவைத்த கொடுமையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இனி முதலாளிகளிடம் ஒன்று. முன்பெல்லாம் பேப்பரில் பெட்டி எண் போட்டு வேலை விளம்பரம் வரும். எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் எழுதிப்போடுவோம். 2006-ல் நானும் அப்படி ஏழெட்டு அனுப்பி, தபால்காரர் சைக்கிள் மணிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் ஸ்டாம்ப் ஒட்டிப் பதில் எழுதுவது சிரமம் என்று சொல்ல முடிந்தது. இன்று முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் போகும். ‘இந்த முறை உங்களை எடுக்க முடியவில்லை, ஆறு மாதம் உங்கள் விவரம் எங்களிடம் இருக்கும்’ என்று இரண்டு வரி போதும். நாங்கள் அதை ஆரம்பித்த வருடம், இடமில்லாததால் எடுக்க முடியாமல் போன ஒரு எலக்ட்ரீஷியனை நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டோம். இரண்டு கம்பெனி கூப்பிட்டும், பதில் போட்ட கம்பெனிக்கே போகலாம் என்று எங்களிடம் வந்தார். விளம்பரச் செலவு அந்த முறை எங்களுக்கு இல்லை.

அக்கா மகன் இந்த வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான். கம்பெனிகளின் பக்கத்தில் விண்ணப்பித்து, ஒவ்வொரு விண்ணப்ப எண்ணையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். ஒன்பது ஆயிற்று. போன வாரம் கேட்டான்: “மாமா, அதுல ரெண்டு கம்பெனிக்கு மட்டும் நேர்ல போய்ட்டு வரட்டுமா?”

“போய்ட்டு வா” என்றேன். “ஷிஃப்ட் விடுற நேரத்துக்குப் போ. வெளிய வர்றவங்ககிட்ட சம்பளம் தேதிக்கு வருதான்னு கேளு. நைட் ஷிஃப்டுக்கு பஸ் இருக்கான்னு பாரு. கேட்டுல பயோடேட்டா குடுத்தா, மேல அந்த விண்ணப்ப எண்ணைப் பெருசா எழுதிக் குடு.”