பூனையின் இளைப்புக்கு சிபிடி எண்ணெய்: வாங்கிக் கொடுத்துப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற இந்த சிபிடி எண்ணெய்க்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் பூனை நிம்மதியாகத் தூங்கியதற்கு. மூச்சுக்கு இது ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்குக் காற்று புகுந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தினாலும் தூசி உள்ளேதான். பக்கத்தில் கொப்பரைக் களம் வேறு. எங்கள் பூனை செவலைக்கு இருமல் கூடுவது அப்போதுதான். உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருமுவான். கடைசியில் ஒரு தடவை விழுங்கிவிட்டு எழுந்து போவான். வெளியே எதுவும் வராது. பார்த்தவர்கள் எல்லாரும் வயிற்றில் முடி சேர்ந்திருக்கிறது என்றார்கள். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில், போனில் எடுத்த வீடியோவைக் காட்டி, எக்ஸ்ரேயும் பார்த்த பிறகுதான் ஆஸ்துமா என்று தெரிந்தது.

இன்ஹேலர் ஆரம்பித்தாயிற்று. ஆனால் மாஸ்க்கைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். கொஞ்சம் பதற்றம் குறைந்தால் மருந்து கொடுப்பது சுலபமாகுமே என்றுதான் சிபிடி எண்ணெயை யோசித்தேன். டாக்டரிடம் கேட்டேன். கொடுத்துப் பாருங்கள், ஆஸ்துமா மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது, கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை முன்னும் பின்னும் செய்துகொள்ளலாம் என்றார். சிபிடி கல்லீரல் வழியாகத்தான் கழிகிறது, அந்த எண்கள் ஏற வாய்ப்பு உண்டு என்பதால் அது.

இனி பாட்டில். 30 மில்லியில் 300 மில்லிகிராம் சிபிடி, அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு என்று வைத்தால் சொட்டுக்கு அரை மில்லிகிராம். இந்தக் கணக்கை நான்தான் போட்டேன். லேபிளில் இருந்ததெல்லாம் ‘அரை டிராப்பர்’ என்பதுதான், அதுவும் நாய்க்கும் பூனைக்கும் ஒரே அளவு. நாலு கிலோ பூனைக்கும் முப்பது கிலோ நாய்க்கும் எப்படி ஒரே அளவாகும்? நான் டாக்டர் சொன்ன சொட்டுக் கணக்கில்தான் கொடுத்தேன். அடுத்து, லேப் சர்டிபிகேட் கேட்டேன். அனுப்பினார்கள். அதிலிருந்த பேட்ச் நம்பர் வேறு, பாட்டிலில் இருந்தது வேறு. திரும்பக் கேட்டதற்குப் பதில் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய குறை. சிபிடியில் போதை கிடையாது, ஆனால் அதே செடியில் போதை தருகிற டிஎச்சி பூனைக்கு ஆகாது. அது எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ‘ஹெம்ப் சீட் ஆயில்’ என்று பாதி விலைக்குக் கிடைப்பது இதே செடியின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய், அதில் சிபிடி இல்லாததற்குச் சமம். இலைச் சாற்றில் செய்ததில் பெரும்பாலும் ‘விஜயா’ என்று போட்டிருக்கும், ஆயுர்வேதத்தில் இந்தச் செடிக்கு அதுதான் பெயர். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா வரையறையில் பூக்கும் முனை சேராத இலையும் விதையும் வராது, அதனால்தான் ஆயுர்வேத மருந்தாக விற்க முடிகிறது. புதினா, யூகலிப்டஸ் வாசனை சேர்த்தவற்றைத் தொடவே வேண்டாம். அந்த வாசனை எண்ணெய்களைக் கழிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடிக்க வைக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

வாயில் நேராகச் சொட்டு விடச் சொல்லி லேபிளில் படம் போட்டிருந்தது. மூச்சு இளைக்கிற பூனைக்கு அப்படிச் செய்யாதீர்கள். இருமும்போது எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். நான் முள் எடுத்த மத்தி மீனில் பிசைந்து வைத்தேன். பச்சிலைக் கசப்பு வாடை பிடிக்காமல் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், மீன் கொஞ்சம் கூடச் சேர்த்ததும் சாப்பிட்டான்.

பலன் என்று பார்த்தால் தூக்கம்தான். மத்தியானம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், சத்தத்தைக்கூடச் சட்டை செய்யாமல் கால் நீட்டிப் படுத்தான். மாஸ்க் வைக்கும்போது திமிறலும் கொஞ்சம் குறைந்தது. இருமல் குறையவில்லை. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவேன். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு, 30-க்குள் இருக்க வேண்டும். காற்று அடித்த நாட்களில் எண்ணெய் கொடுத்தும் அதைத் தாண்டியது. எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான். பூனை சாதுவாகப் படுத்திருப்பதைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், விலாவை எண்ணுங்கள்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் உள்ளே வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி கட்டுகிறது. ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் வீக்கத்தைக் குறைக்கும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு மாத்திரை. திடீரென்று மூச்சு முட்டினால் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும். சிபிடி இந்த வேலையைப் பூனைக்குச் செய்யும் என்று நிரூபித்த சிகிச்சை ஆய்வு இல்லை. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற எஃப்டிஏ இதுவரை எந்த விலங்குக்கும் ஒரு சிபிடி மருந்தைக்கூட அனுமதிக்கவில்லை.

செவலையை மாற்றியது ஸ்பேசர்தான், இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் மாட்டுகிற குழாய். மெடிக்கல் ஷாப்பில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற குழாயும் மாஸ்க்கும் போதும். முதலில் மாஸ்க்கைச் சும்மா பக்கத்தில் வைத்து மீன் கொடுத்தேன், அப்புறம் மூக்கில் ஒரு நொடி, அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். இப்போது ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏழெட்டு மூச்சு எண்ணும்வரை மடியிலேயே இருக்கிறான். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வீட்டில் நிறுத்தியாயிற்று, அவன் மலஜலம் கழிக்கிற மண்தொட்டிக்குத் தூசி கிளம்பாத மண் வாங்குகிறோம்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் சரியாகவே இருந்தன. இருந்தாலும் அடுத்த பாட்டில் வாங்கவில்லை. பாட்டிலுக்குச் சரியான பேட்ச் சர்டிபிகேட்டும் பூனைக்குத் தனி அளவும் தருகிற கம்பெனி என்றால், பதற்றத்துக்காக மட்டும், டாக்டரைக் கேட்டு வாங்கலாம். உங்கள் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ எந்த எண்ணெயையும் எடுக்காதீர்கள். ராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.